நாப்பது பிளேட்டும் சேப்புப் பெயிண்டும்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு கெடக்கட்டும், விடுங்க. போன்ல பேசுனது நீங்கதானுங்களே? பொள்ளாச்சியில இருந்து ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கீங்க, அதனால மொதல்ல ஒக்காருங்க. ஒக்காந்த பொறவு சொல்றேன். மிசின் விக்கிறதுக்கு இல்லைங்க.

கோவிச்சுக்காதீங்க. வெளம்பரம் போட்டது நானில்லை, என்ற சம்சாரம். 'சிறிய சிஎன்சி மெஷின், நல்ல நிலையில், உடனே விற்பனைக்கு'ன்னு எழுதி, போட்டோ புடிச்சுப் போட்டு, கீழ என்ற நம்பரக் குடுத்துட்டா. தன் நம்பரக் குடுக்கல பாருங்க, அதுலதான் இருக்குது குசும்பு. காலையில இருந்து நீங்க ஏழாவது ஆளு. மத்த ஆறு பேருகிட்டயும் போன்லயே இல்லைன்னு சொல்லிப்போட்டேன். நீங்கதான் 'பஸ் ஏறிட்டனுங்க'ன்னு சொல்லி வெச்சுட்டீங்க.

சாந்தாமணி! தம்பிக்கு ஒரு காப்பி போடு!

வரும்ங்க. அவளுக்கு என்ற மேலதான் கோவம், வீடு தேடி வந்த ஒறம்பரை மேல இல்லை.

என்ன வெட்டறதுக்குக் கேட்டீங்க? பேர்ப் பலகையா? மரத்துலயும் அக்ரிலிக்லயுமா? அட, அதுக்கு எந்த மிசினா இருந்தா என்னுங்க. ஒரு எழுத்து அரை மில்லி தள்ளி விழுந்தா வீட்டுக்காரன் ஏணி போட்டு ஏறி அளக்கப் போறானா? கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் குடுத்தா தானா வெட்டற மிசினுதான், ஆனா இது அலுமினியத்துக்கு செட் பண்ணுனதுங்க. அளக்கற டயல்ல ரெண்டு கோட்டுக்குள்ள நிக்குது. ஒரு மில்லிமீட்டர நூறாப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான் ஒரு கோடு. நம்ம தலமுடி ஏழு எட்டுக் கோடு கனம் இருக்கும். ரெண்டு கோடுன்னா என்னன்னு நீங்களே பாத்துக்கோங்க. பெரிய கம்பெனி மிசின் நிக்கறது பெருசில்லை. பொட்டியில வந்து, வீட்டு மாடியில, ஸ்பேனர் வெச்சு முடுக்குன மிசின் நிக்குதே, அதச் சொல்றேன்.

என்ற பேரு மருதாசலம். இருபத்தொம்பது வருசம் ஒரு பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்சன். வெளிய பட்டறைகள்ல செஞ்சு கொண்டாற சாமானெல்லாம் என்ற மேசைக்கு வந்துதான் உள்ள போகோணும். அளந்து பாப்பேன். சரியா இருந்தா கையெழுத்து. இல்லைன்னா சேப்புப் பெயிண்ட். அந்தச் சாமான் தெரியாத்தனமாக் கூட உள்ள போயிரக் கூடாதுன்னு சேப்பு அடிச்சுத் திருப்பி அனுப்பறது கம்பெனி வழக்கம். பசங்க எனக்கு 'சேப்பு மருதாசலம்'னு பேரு வெச்சிருந்தானுக. பின்னால பேசறது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். சந்தோசந்தான் பட்டேன். ஒருத்தன் கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லை தம்பி. தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸக் கூட வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கேன். அளவு சொல்றதுதான் எனக்குச் சட்டம், ஆளு யாருன்னு பாத்ததில்லை.

இத எதுக்குச் சொல்றேன்னா, திருமூர்த்தின்னு ஒருத்தன். அவனாலதான் இந்த மிசினே வந்துச்சு.

ஆவாரம்பாளையத்துல சின்னதா ஒரு பட்டறை வெச்சிருந்தான். உலோகம் செதுக்கற மில்லிங் மிசின் ஒண்ணு, ஓட்டை போடற டிரில்லிங் மிசின் ஒண்ணு, அவன் ஒருத்தன். எங்க கம்பெனிக்கு அலுமினியப் பிளேட்டு பண்ணிக் குடுப்பான். நூத்தம்பது மில்லிக்கு நூறு மில்லி, நாலு மூலையில நாலு ஓட்டை, நடுவுல பேரிங் உக்காரற ஓட்டை ஒண்ணு. பாத்தா ஒண்ணுமில்லை. ஆனா மூலை நாலும் நேர் மூலையா இருக்கோணும். அஞ்சு கோட்டுக்கு மேல சாஞ்சா பேரிங் சூடாகும், பம்பு ஊளையிடும். நல்ல வேலைக்காரந்தான் அவன், இல்லைங்கல. ஆறு வருசமா அவன் சாமானுக்கு நான் கையெழுத்துத்தான் போட்டுட்டு இருந்தேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம், ஆயுத பூசை. என்ற மேசையில மூலைமட்டம் ஒண்ணு இருக்கும். எல் மாதிரி, நல்ல உருக்குல பண்ணுனது. அத வெச்சுத்தான் மூலை பாக்கறது, அப்ப மூலை பாக்க வர்ற சாமான் இந்தப் பிளேட்டு ஒண்ணுதான். இருபத்தொம்பது வருசமும் அதே மட்டந்தான், வேற ஆளு தொட உட்டதில்லை. வருசா வருசம் நாந்தான் அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, கதம்பம் சாத்தி, பீரோ மேல சாமி படத்துக்குக் கீழ நிறுத்துவேன். அந்த வருசம் வாழக்கன்னு கட்டுன கயித்த எவனோ இழுக்கப் போக, படத்து மாலை சரிஞ்சு, மட்டம் 'ணங்'குன்னு கீழ விழுந்துச்சு. எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு மறுபடி சந்தனம் வெச்சு நிறுத்திட்டேன். பூசையில வெச்ச சாமானுக்கு ஒண்ணும் ஆகாது பாருங்க. அதுவுமில்லாம, வருசத்துக்கு ஒருக்கா அத வெளிய குடுத்துச் சோதிச்சு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வாங்குவாங்க. ஸ்டிக்கர்ல மார்ச்சு வரைக்கும் தேதி இருந்துச்சு.

அதெல்லாம் சும்மா ஒரு ஞாபகத்துக்குச் சொன்னனுங்க. கதைக்கு வாரேன்.

பூசை முடிஞ்சு அடுத்த வாரம் திருமூர்த்தி நாப்பது பிளேட்டு கொண்டாந்தான். மொதல் பிளேட்ட மட்டத்துல வெச்சுப் பாத்தா வெளிச்சம் தெரியுது. இடுக்கு அளக்கற தகட்டுல அஞ்சு கோடு கனமானது லேசா உள்ள போகுது. ஏழு கோடு சாய்வு. ரெண்டாவதும் ஏழு. மூணாவதும் ஏழு. நாப்பதும் ஏழு தம்பி! இருபத்தொம்பது வருசத்துல அப்படி ஒரு தப்ப நான் பாத்ததில்லை. ஒண்ணு ரெண்டுன்னா கை தவறிருச்சுங்கலாம். நாப்பதும் ஒரே மாதிரி தப்பா இருந்தா, அவன் மிசின்லதானே கோளாறு? வேற எங்க இருக்க முடியும்?

அவன் சொன்னான், "சார், வேற ஒரு மட்டத்துல ஒருக்கா வெச்சுப் பாருங்க சார்"ன்னான். எப்படி இருக்கும் எனக்கு? என்ற மட்டத்தச் சந்தேகப்படறான். பச்சை ஸ்டிக்கரக் காட்டி, தேதியப் படிடான்னேன். படிச்சான். படிச்சுட்டு, "தேதி சரியாத்தானுங்க இருக்குது, மட்டத்தப் பாருங்க"ன்னான். அங்கயே பெயிண்டு டப்பாவத் தொறந்தேன். நாப்பதுக்கும் நானே அடிச்சேன், அவன் பாத்துட்டு நின்னான். பெயிண்டு காயறதுக்குள்ள எல்லாத்தையும் சாக்குல போட்டு நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போனான், சட்டையெல்லாம் சேப்பு. வாசல்ல திரும்பி, "நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணிக் காட்டுங்க சார். உங்க கையில ஒரே ஒரு பிளேட்டு. பண்ணிப்போட்டு அப்புறம் பெயிண்ட் அடிங்க"ன்னான். டிபார்ட்மெண்டே கேட்டுட்டு இருந்துச்சு.

நாப்பதும் ரிஜக்ட் ஆனா கம்பெனி சும்மா இருக்குமா? அவனுக்கு ஆர்டர் குடுக்கறத நிறுத்திட்டு, அந்தப் பிளேட்ட கம்பெனிக்குள்ளயே வெட்டிக்கிட்டாங்க, அது என்ற மேசைக்கு வராது. அவனுக்கு இருந்தது எங்க கம்பெனி ஒண்ணுதான். தை மாசம் மில்லிங் மிசின வித்துட்டான்னு கேள்விப்பட்டேன். இப்பக் குறிச்சியில ஒருத்தர் பட்டறையில ஆப்பரேட்டரா நிக்கறான். அதுக்கு நானென்ன பண்ணட்டும்? ரிப்போர்ட்டுல 'ஏழு'ன்னு எழுதுனது நானு, ஆனா ஏழுன்னு காட்டுனது மட்டந்தானே.

மார்ச்சுல எனக்கு ரிடையர்மெண்ட். சால்வை போத்தி, என்ன வேணும்னு கேட்டாங்க. என்ற மட்டத்தக் குடுங்கன்னேன். மேனேஜரு உடனே எடுத்துக் குடுத்துட்டாரு. அந்த மாசந்தான் அது சோதனைக்குப் போகோணும், போகாமயே என்ற கைக்கு வந்துருச்சு. எம்மேல அவ்வளவு மரியாதை.

வீட்டுல வந்து ஒக்காந்தா அவன் சொன்னதுதான் காதுல நிக்குது. ஒரே ஒரு பிளேட்டு. ஒரு நாளைக்கு நூறு சாமான் அளந்தவன் தம்பி நானு, ஆனா ஒரு மிசின் கைப்பிடியச் சுத்துனதில்லை. உண்மையச் சொல்றதுக்கென்ன? சுத்துனதில்லை. பண்றேண்டா, பாருடான்னு முடிவு பண்ணித்தான் ஆடி மாசம் இந்த மிசின வரவழைச்சேன். மூணு பொட்டி. உள்ள அலுமினியச் சட்டம், மூணு மோட்டாரு, திருகுக் கம்பி, கைநிறைய நட்டு போல்ட்டு. புரியாத பாசையில ஒரு காயிதம், படம் மட்டும் இருக்குது. மாட்டறதுக்கு ஒம்பது நாள் ஆச்சு.

பிளைவுட் மேசையில வெச்சு ஓட்டுனா மேசையே நடக்குது. கனமான அடி வேணும். அப்பத்தான் பாத்தேன், பக்கத்து ரூம்ல கிரானைட் கல்லு போட்ட மேசை ஒண்ணு சும்மா கெடந்துச்சு. சாந்தாமணி பிளவுஸ் தைப்பா, இந்தக் கணபதி ஏரியாவுல பாதி வீட்டுக்கு அவதான். துணி வெட்டறதுக்குப் போட்ட மேசை அது. எடுத்துக்கிட்டேன். அவ இப்பத் தரையில ஒக்காந்து வெட்டறா. அவளுக்கு அதுதான் சவுகரியம். முட்டி வலிக்குதுன்னு சொல்வா, அது முன்னயே இருந்த வலிதானுங்க.

அலுமினியம் இருக்குதே, அது ஒரு மாதிரி. மரம் மாதிரி நெனச்சு மெதுவா, பயந்து பயந்து வெட்டுனா, அறுபடாம தேஞ்சு, சூடாகி, உருகிக் கட்டர்லயே ஒட்டிக்கும். அப்புறம் கட்டர் 'பட்'டுன்னு முறியும். பதினோரு கட்டர் முறிச்சிருக்கேன். தைரியமா வேகமா உள்ள உடோணும், ஆனா ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சமா எறக்கோணும். மேல மண்ணெண்ண சொட்டு சொட்டா உடோணும். இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்கறீங்க? கட்டரு முறிஞ்சு முறிஞ்சு கத்துக்கிட்டதுதான்.

அடுத்து, கட்டர் நேராக் கீழ பாக்கோணும். சாஞ்சிருந்தா மேல் பரப்பு படிப்படியா வரும். டயல அதுல மாட்டி ஒரு சுத்து சுத்துனா எந்தப் பக்கம் தூக்கலுன்னு தெரியும். எறங்குன பக்கத்துக்கு அடியில பால் பாக்கெட் கவரக் கத்தரிச்சு வெச்சேன். ஒரு கவரு அஞ்சு கோடு கனம், அளந்து பாத்துட்டேன். ஒரு பக்கம் ஒரு கவரு, இன்னொரு பக்கம் ரெண்டு. சிரிக்காதீங்க, நிக்குதா இல்லையா, அதப் பாருங்க.

அப்புறம் வெட்டுன எடத்துல அலை அலையாக் கோடு விழுந்துச்சு. தையல் மிசின் மோட்டாருதான் அதிருதுன்னு கண்டுபுடிச்சேன். நான் வெட்டறப்ப நீ தைக்காதன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். தீபாவளி நேரம் வேற. நாலஞ்சு வீட்டுக்காரம்மா வந்து சத்தம் போட்டுட்டுத் துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு மாசங் கழிச்சுப் பாத்தா, நான் கட்டர ரொம்ப நீட்டி மாட்டியிருந்தேன். உள்ள தள்ளி மாட்டுனதும் கோடு போயிருச்சு. அதுக்காகத் தையல் மிசின் அதிரவே இல்லைன்னு சொல்ல முடியுங்களா? கொஞ்சம் அதுவுந்தான்.

கடைசியா, மூலை. குறுக்கச் சட்டம் ஓடறதும் நெடுக்கச் சட்டம் ஓடறதும் ஒண்ணுக்கொண்ணு நேர் மூலையா இருக்கோணும். இதுதான் அலுமினிய வேலைக்கு உசுரு. கல்லு மேல என்ற மட்டத்த வெச்சேன். டயல மட்டத்தோட ஒரு பக்கத்துல ஓட்டி, அப்புறம் அடுத்த பக்கத்துல ஓட்டி, முள்ளு ஆடாத வரைக்கும் சட்டத்தத் தட்டித் தட்டி முடுக்குனேன். அதுக்கு மட்டும் ஆறு நாள். முள்ளு நின்னுச்சு தம்பி. பூஜ்ஜியத்துல அப்படியே நின்னுச்சு.

கார்த்திகையில ஒரு வியாழக்கிழமை மொதல் நல்ல பிளேட்டு வந்துச்சு. திருமூர்த்தி பண்ணுன அதே அளவு. மட்டத்துல வெச்சா ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, சொல்றதுக்கென்ன. அறுபது வயசுல என்ற கையில ஒரு சாமான் வந்திருக்குது. ஒண்ணு பத்தாது, தற்செயல்னு சொல்லுவான்னு இன்னொண்ணு பண்ணுனேன். ரெண்டையும் மஞ்சப் பையில போட்டு, நாளைக்குக் காலையில குறிச்சிக்குப் போய் அவன் மூஞ்சிக்கு நேரா வெக்கறதுன்னு எடுத்து வெச்சுட்டேன்.

சாந்தாமணி எடுத்துப் பாத்தா. அவளுக்கு ஒரு பழக்கம். எத வெட்டுனாலும் ரெண்டையும் நல்ல பக்கம் உள்ள வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணு பொரட்டிச் சேத்து வெச்சு, ஓரத்த நகத்துல தடவிப் பாப்பா. பிளவுஸ்ல கை ரெண்டும் சேருதான்னு பாக்கறது. அதே மாதிரி பிளேட்ட வெச்சுத் தடவுனா.

"ஏனுங்க, இது எடது கை, அது வலது கைங்களா?"ன்னா.

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள."

"ஒண்ணுன்னா பொரட்டி வெச்சாலும் ஒண்ணாத்தான இருக்கோணும்? அடியில சேருது, மேல நகத்துல தட்டுது பாருங்க."

தடவிப் பாத்தேன். தட்டுச்சு.

அரை மணி நேரம் அவளுக்கு வெளக்குனேன். இது துணியில்லை, உலோகம், இதுக்கு அளவு முறை வேற, நான் இருபத்தொம்பது வருசம் இதே வேலை பாத்தவன்னு எல்லாஞ் சொன்னேன். அவ தரையில ஒக்காந்து ஒரு பிளவுஸ் வெட்டிட்டே இருந்தா. கடைசியில, "சரிங்க, எனக்கென்ன தெரியும்"ன்னா. கோவம் எங்கிருந்துதான் வந்துச்சோ, நாலு நாள் அவகூடப் பேசல. குறிச்சிக்கும் போகல.

அஞ்சாவது நாள் அவ அன்னூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனா. வீட்டுல யாருமில்லை. ஒரு தகட்டுல மை பூசி, ஓரத்தோட மட்டத்தச் சேத்து வெச்சு, பிளேடால ஒரு கோடு இழுத்தேன். அப்புறம் மட்டத்த அப்படியே பொரட்டி, அதே புள்ளியில இருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியா இருந்தா ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழோணும். ரெண்டு நிமிச வேலை. சின்னப் பசங்களுக்கு மொதல் வாரம் நானே சொல்லிக் குடுக்கற வேலை. என்ற மட்டத்துக்கு நான் அதப் பண்ணுனதே இல்லை. ஸ்டிக்கர் இருக்கறப்ப எதுக்குப் பண்ணோணும்?

கோடு ரெண்டாப் பிரிஞ்சிருச்சுங்க. கீழ ஒண்ணா இருக்குது, மேல போகப் போக வெலகுது. லென்ஸ் வெச்சு அளந்தேன். பதினாலு கோடு. பொரட்டி வெச்சா தப்பு ரெட்டிப்பாத் தெரியும், அதுல பாதிதான் மட்டத்தோட தப்பு.

ஏழு.

லென்ஸக் கீழ வெச்சுட்டேன் தம்பி. நாப்பது பிளேட்டும் நல்ல பிளேட்டு. எனக்கு ஏழுங்கற எழுத்துத்தான் கண்ணுக்கு முன்னால நிக்குது, என்ற கையெழுத்துல.

அப்புறம் யோசிச்சேன். ரிடையர் ஆகி ஸ்கூட்டர்ல கொண்டாந்தமே, அப்ப ஆடியிருக்கும். மாடியில வெச்சது வெயில்ல வளைஞ்சிருக்கும். ஒரு வருசத்துக்கு முன்னால அது எப்படி இருந்துச்சுன்னு யாரு சொல்ல முடியும்? ஏழும் ஏழும் ஒத்துப் போறது தற்செயலாக் கூட இருக்கலாம் பாருங்க. ஸ்டிக்கர்ல தேதி இருந்துச்சு. முறைப்படி நான் பண்ணுனது சரி. எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்லுவேன்.

கல்யாணத்துல இருந்து வந்தவ தகட்டப் பாத்தா. ரெண்டு கோடும் வெறுங்கண்ணுக்கே தெரியுது. சேலை மாத்திட்டு வந்து சாவுகாசமா, "ஆயுத பூசைக்குக் கீழ விழுந்துச்சுன்னீங்களே, அதே மட்டங்களா?"ன்னா. போய்க் காப்பி போடுன்னேன்.

காப்பி வந்துருச்சு, எடுத்துக்கோங்க. சக்கரை பத்துதுங்களா? இவளத்தான் சொல்லிட்டு இருக்கேன். பாருங்க, சிரிக்கறா.

மிசின மறுபடி கழட்டுனேன். இந்தத் தடவ மட்டமே இல்லை. ஒரு பிளேட்டு வெட்டறது, இன்னொண்ணு வெட்டறது, ஒண்ணப் பொரட்டி மேல வெச்சு நகத்துல தடவறது, டயல்ல பாக்கறது. எவ்வளவு வித்தியாசம் வருதோ அதுல பாதிக்குச் சட்டத்தத் தட்டி நகத்தறது. மறுபடி வெட்டறது. மார்கழி பூராவும் அதுதான் வேலை. தடவிப் பாக்க மட்டும் சாந்தாமணியக் கூப்புடுவேன், அவ நகம் கொஞ்சம் நல்ல நகம். அவகிட்டக் கத்துக்கிட்டேன்னு நெனச்சுக்காதீங்க, இந்த முறையெல்லாம் புஸ்தகத்துலயே இருக்குது. பொங்கலுக்கு முந்தின நாள் ரெண்டு கோட்டுக்குள்ள வந்து நின்னுச்சு.

அப்ப ஒரு பிளேட்டு எடுத்துட்டுப் போய் அவன்கிட்டக் காட்டியிருக்கலாமேங்கறீங்க? இவளும் அதையேதான் சொன்னா. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்கன்னா. போனேன் தம்பி. போகாம இல்லை.

மத்தியானம் குறிச்சியில அந்தப் பட்டறை வாசல்ல போய் நின்னேன். சாப்பாட்டு நேரத்துக்கு வெளிய வந்தான். தல நரைச்சிருச்சு. என்னயப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போவான், நாலு கெட்ட வார்த்தை சொல்லுவான், நானும் பதிலுக்கு எதாச்சுஞ் சொல்லலாம்னுதான் போனேன். அவன், "வாங்க சார்"ன்னான். இன்னும் சார்ங்கறான். கையக் கழுவிட்டு வந்து, "ஒடம்பு பரவால்லைங்களா சார், எளைச்சுட்டீங்களே"ன்னான். டீ வாங்கிக் குடுத்தான். குடிச்சேன். இருபத்தொம்பது வருசத்துல ஒருத்தன் காசுல நான் குடிச்ச மொதல் டீ அதுதான். எங்க இந்தப் பக்கம்னு கேட்டான். பேரிங் வாங்க வந்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அவனா அந்தப் பேச்ச எடுக்கல. எடுத்திருந்தா நானும் எதாச்சுஞ் சொல்லியிருப்பேன். அவன் எடுக்காதப்ப நானா எதுக்கு எடுக்கோணும்? சண்டை போட வேண்டியவன் டீ வாங்கிக் குடுத்தா மனுசன் என்னதான் பண்றது?

வீட்டுக்கு வந்து அன்னைக்கே ஆரம்பிச்சேன். நாப்பது பிளேட்டு. ஒண்ணு இல்லை, நாப்பது. அதா, அந்த அலமாரியில துணி மூடி இருக்குது பாருங்க. அத எடுக்காதீங்க, அது முப்பத்தேழாவது, இன்னும் பிசிறு எடுக்கல. கையில ஈரம் இல்லைன்னா மொத வரிசையில ஒண்ண எடுத்துப் பாருங்க. இன்னொண்ணு எடுங்க. பொரட்டி மேல வைங்க. நகத்துல தடவுங்க. தட்டுதா? தட்டாது.

இவளுக்கு அதுதான் கோவம். "ஒரு வார்த்தை சொல்ல நாப்பது பிளேட்டு எதுக்குங்க? இந்த மிசின் இருக்கற வரைக்கும் அத வெட்டறேன் இத வெட்டறேன்னு நாளத் தள்ளுவீங்க. மிசின் போனாத்தான் நடந்து போவீங்க"ன்னா. அதனாலதான் போட்டோ புடிச்சு வெளம்பரம் போட்டுட்டா. மேசையும் திரும்பக் கெடைக்கும்னு ஒரு கணக்கு இருக்கும். அவளுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குது. வாய்ச்சொல்ல அளக்க முடியாது. நான் வருத்தப்படறேன்னு சொன்னா, எத்தன கோடு வருத்தம்னு அவன் எத வெச்சுப் பாப்பான்? அவன் வேலைக்காரன். சாமானக் குடுத்தா அவனுக்குப் புரியும்.

அந்த நாப்பது பிளேட்ட வெச்சு அவன் என்ன பண்ணுவான்னு நீங்களுங் கேக்கறீங்க. ஒண்ணும் பண்ண முடியாது. ஆர்டரும் இல்லை, பட்டறையும் இல்லை. எடைக்குப் போடுவான், போடட்டும். அது அவன் இஷ்டம். ஆனா அதுக்கு முன்னால அவன் அளக்கோணும்.

வர்ற ஞாயித்துக்கெழமை முடிஞ்சிரும். நாப்பதையும் சாக்குல போட்டு நானே நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போவேன். அவன் வீட்டுல ஒரு மேசை இருக்கும். அவன் ஒக்காரட்டும், நான் நிக்கறேன். அவன் மட்டத்துலயே பாக்கட்டும். என்ற மட்டத்தக் கொண்டு போக மாட்டேன். அது பரண் மேல கெடக்குது. ஒவ்வொண்ணாப் பாக்கட்டும், அவசரமில்லை. ரிப்போர்ட்டு காயிதம் ஒண்ணு நானே கோடு போட்டு எழுதி வெச்சிருக்கேன். 'செய்தவர்'னு இருக்கற எடத்துல என்ற பேரு. 'பரிசோதித்தவர்'னு இருக்கற எடம் காலி. அங்க அவன் கையெழுத்துப் போடோணும்.

அதோ, ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு டப்பா இருக்குது பாத்தீங்களா? சேப்புப் பெயிண்டு. நேத்துத்தான் வாங்கியாந்தேன். பிரஷ்ஷும் புதுசு. அந்த டப்பாவத் தொறந்து அவன் பக்கத்துல வெச்சுட்டு நிப்பேன்.

மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டனுங்க. அது வேற விசயம். எனக்கு வராது, பழக்கமில்லை.

அடிச்சுட்டா என்ன பண்ணுவீங்கன்னா கேக்கறீங்க? நல்ல பிளேட்டுன்னு தெரிஞ்சும், வேணும்னே நாப்பதுக்கும் சேப்பு அடிச்சுட்டா?

அடிக்கட்டுங்க. அடிக்கறதுக்கு அவனுக்குப் பாத்தியதை இருக்குது. நான் பாத்துட்டு நிப்பேன். காயறதுக்குள்ள அள்ளிட்டு வந்துருவேன், சட்டையில ஒட்டுனா ஒட்டட்டும். வந்து மறுநாள் காலையில மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பேன்.

அதுக்கு மிசின் வேணுமுங்களே தம்பி. காப்பியக் குடிங்க, ஆறுது.